உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை: யாருக்குத் தேவை, யாருக்கு வேறு வழி?

ஆறாத கால் புண்ணோடு அலைபவரிடம் யாராவது ஒருவர் "ஹைப்பர்பேரிக் சேம்பர் எடுத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டுவிடுகிறார். அழுத்தம் கூட்டிய மூடிய அறைக்குள் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் சிகிச்சை அது. கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பிறகு தாடை எலும்பு அரிக்கத் தொடங்கியவரிடமும் அதே கேள்வி. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனவர், ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோர், முகச் சுருக்கம் போக வேண்டும் என்பவர் என எல்லோருக்கும் ஒரே கருவியைக் கைகாட்டுகிறார்கள். ஒரு கருவி இத்தனைக்குமா என்று சந்தேகம் வருவது நியாயம்தான். சில நோய்களுக்கு இதை விட்டால் மருந்தே இல்லை. சிலவற்றுக்கு மற்றதெல்லாம் செய்து பார்த்தபின் யோசிக்க வேண்டியது. இன்னும் சிலவற்றுக்குக் காசும் நேரமும்தான் கரையும். நம் நோய் இதில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் முடிவெடுப்பதில் பாதி முடிந்தது.

அதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். நுரையீரல் நலமாக இருப்பவரின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் சாதாரணக் காற்றிலேயே 97, 98 சதவீதம் ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது. மாஸ்க் போட்டு எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் அதில் ஏற்ற இடமில்லை. இடம் இருப்பது ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில். சோடா பாட்டிலில் அழுத்தத்தால் வாயு கரைந்து நிற்பதுபோல, அழுத்தம் கூடக் கூட பிளாஸ்மாவில் ஆக்சிஜன் கரையும். சாதாரணக் காற்றில் 100 மில்லி ரத்தத்தில் கரைந்திருப்பது வெறும் 0.3 மில்லி ஆக்சிஜன். மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது ஏறக்குறைய 6 மில்லி ஆகிறது. ஓய்வில் இருக்கும் உடல் 100 மில்லி ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வதே சுமார் 5 மில்லிதான். 1960இல் ஆம்ஸ்டர்டாமில் அறுவை மருத்துவர் போரெமா, பன்றிகளின் ரத்தச் சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் நீக்கிவிட்டு, அழுத்த அறைக்குள் அவற்றை உயிரோடு வைத்துக் காட்டியது இந்தக் கணக்கின் பலத்தில்தான்.

ஆக, இந்தச் சிகிச்சையின் உயிர் இரண்டு விஷயங்களில் இருக்கிறது: தூய ஆக்சிஜன், போதுமான அழுத்தம். மருத்துவமனைகளில் வழக்கமாக 2 முதல் 2.5 மடங்கு அழுத்தம், சில அவசர நிலைகளில் 2.8 அல்லது 3 மடங்கு வரை. ஓர் அமர்வு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பெயர் மட்டும்தான் அதே, சிகிச்சை வேறு. இதைப் பின்னால் விளக்குகிறேன்.

தெரிவே இல்லாத இடங்கள்

ஆழ்கடலில் மூழ்கி வேகமாக மேலே வந்தவரின் ரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் குமிழிகள் உண்டானால், அல்லது ரத்தநாளத்துக்குள் காற்றுக் குமிழி புகுந்து மூளையை அடைத்தால், ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. அழுத்தம் குமிழியைச் சுருக்கும், ஆக்சிஜன் நைட்ரஜனை வெளியேற்றும். இந்த இரண்டையும் செய்கிற மாத்திரையோ ஊசியோ கிடையாது. அறைக்குக் கொண்டுபோகும் வரை மாஸ்க்கில் தூய ஆக்சிஜன் கொடுப்பது முதலுதவி. அதுவே முழுச் சிகிச்சை ஆகிவிடாது. கொஞ்சம் தேறியதுபோல் தெரிந்தாலும் அறைக்குப் போகாமல் இருப்பது ஆபத்து.

கார்பன் மோனாக்சைடு நச்சு சற்றுச் சிக்கலானது. இந்த வாயு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு எளிதில் விடாது. சாதாரணக் காற்றில் அதன் அளவு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியே தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மூன்று மடங்கு அழுத்தத்தில் ஏறக்குறைய 23 நிமிடம். இந்த எண்களை மட்டும் பார்த்தால் அறைதான் வெல்ல வேண்டும். ஆய்வுகளோ இரண்டு பக்கமும் பேசுகின்றன. 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், அறைச் சிகிச்சை பெற்றவர்களில் 25 சதவீதத்தினருக்கு ஆறு வாரம் கழித்து ஞாபகம், கவனம் போன்றவற்றில் குறை இருந்தது. சாதாரண அழுத்தத்தில் ஆக்சிஜன் பெற்றவர்களில் அது 46 சதவீதம். 1999இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு எந்த நன்மையும் இல்லை என்றது. என் கணிப்பு இது: மயங்கி விழுந்தவர், நரம்பு சார்ந்த அறிகுறி உள்ளவர், நெஞ்சுவலி அல்லது இதயப் பாதிப்பு உள்ளவர், கர்ப்பிணி ஆகியோருக்கு, எட்டும் தூரத்தில் அறை இருந்தால் போவதில் அர்த்தம் உண்டு. தலைவலி மட்டும் வந்து மாஸ்க் போட்டவுடன் தெளிந்தவரை ஆம்புலன்ஸில் பல மணி நேரம் கொண்டுபோவதில் அவ்வளவு அர்த்தமில்லை. எதுவானாலும் மாஸ்க் ஆக்சிஜன் அந்த நிமிடமே தொடங்க வேண்டும். அறைக்காகக் காத்திருக்கக் கூடாது.

சர்க்கரை நோயாளியின் கால் புண்

இங்கேதான் உண்மையான ஒப்பீடு தேவைப்படுகிறது. இந்த அறைகளுக்கு அதிகமாக அனுப்பப்படுபவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். மறுபக்கம் விரலோ காலோ போய்விடுமோ என்ற பயம் இருப்பதால் யார் எதைச் சொன்னாலும் செய்துவிடத் தோன்றும்.

அறைச் சிகிச்சைக்கு ஆதரவாக எப்போதும் காட்டப்படுவது 2010இல் வந்த ஸ்வீடன் ஆய்வு. நாள்பட்ட புண் உள்ள 94 பேர்; பாதிப் பேருக்கு உண்மையான ஆக்சிஜன், மீதிப் பேருக்கு அதே அறையில் அழுத்தக் காற்று மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஓராண்டு முடிவில் முழுமையாகப் புண் ஆறியவர்கள் 52 சதவீதம், மறு தரப்பில் 29 சதவீதம். நல்ல ஆய்வு. ஆனால் 2016இல் கனடாவில் 103 பேரிடம் இதே முறையில் செய்தபோது, காலை எடுக்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் இரு தரப்பிலும் ஏறக்குறைய சமம். புண் ஆறியவர்களும் அப்படியே. 2018இல் நெதர்லாந்தில் ரத்த ஓட்டம் குறைந்த 120 நோயாளிகளிடம் செய்த ஆய்விலும் தெளிவான வேறுபாடு வரவில்லை. அந்த ஆய்வில் என் கவனத்தை இழுத்தது வேறு ஓர் எண்: அறைச் சிகிச்சைக்குத் தேர்வானவர்களில் 35 சதவீதம் பேரால் திட்டமிட்டபடி அதை முடிக்கவே முடியவில்லை. வாரம் ஐந்து நாள், ஆறு முதல் எட்டு வாரம், மொத்தம் 30 முதல் 40 அமர்வு. அதையும் ஏற்கெனவே இதயமும் சிறுநீரகமும் தளர்ந்த ஒருவர் காலில் புண்ணோடு தினமும் போய்வர வேண்டும். விளம்பரத் தாளில் இந்தச் சிரமம் இடம்பெறுவதில்லை.

எதிர்த் தரப்பில் நிற்கும் வழிகள் பார்ப்பதற்கு அவ்வளவு கவர்ச்சியாக இருக்காது. முதலாவது, புண்ணின் மேல் விழும் உடல் எடையை அகற்றுவது. உணர்ச்சி மரத்துப்போன பாதத்தில் புண் ஆறாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் மேலேயே நடந்துகொண்டிருப்பதுதான். 2001இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பாதத்தையும் கெண்டைக்காலையும் ஒட்டிப் போடும் கழற்ற முடியாத மாவுக்கட்டு அணிந்தவர்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தினருக்கு 12 வாரத்தில் புண் ஆறியது. அதே வேலையைச் செய்யும் ஆனால் கழற்றக்கூடிய காலணி அணிந்தவர்களில் 65 சதவீதம், பாதிச் செருப்பு அணிந்தவர்களில் 58 சதவீதம். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுவார்கள் என்பதுதான் அந்த வித்தியாசம். தொற்றும் ரத்த ஓட்டக் குறைவும் சேர்ந்திருப்பவருக்கு இந்தக் கட்டு ஆகாது. மற்றவர்களுக்கு இவ்வளவு பலன் தரும் ஒன்றைச் செய்யாமல் ஆக்சிஜனைத் தேடிப் போவது தலைகீழ் வரிசை.

இரண்டாவது, ரத்தக் குழாய். காலுக்குப் போகும் தமனி அடைத்திருந்தால் பிளாஸ்மாவில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்தாலும் புண்ணை எட்டுவது எப்படி? ஆஞ்சியோபிளாஸ்டியோ பைபாஸோ செய்து வழியைத் திறக்க முடியுமா என்பதே முதல் கேள்வி. சர்க்கரை நோயாளிகளுக்குக் கணுக்கால் தமனிகளில் சுண்ணாம்பு படிந்திருக்கும். அதனால் கணுக்காலில் எடுக்கும் ரத்த அழுத்த அளவு பொய்யாக நன்றாக இருப்பதுபோல் காட்டும். கால் பெருவிரலில் எடுக்கும் அழுத்தம் நம்பகமானது. அது 30 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே இருந்தாலோ, தோல் வழியே அளக்கும் ஆக்சிஜன் அளவு 25க்குக் கீழே இருந்தாலோ, ரத்தநாள நிபுணரை உடனே பார்க்க வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். பெருவிரல் அழுத்தம் எடுக்காமலேயே அறைக்கு அனுப்பும் இடம் என்றால், இன்னொரு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

மூன்றாவதாகச் சில துணை முறைகள். அறுவை செய்து செத்த திசுவை எடுத்தபின் உள்ள பெரிய குழிப்புண்ணுக்கு, உறிஞ்சு கருவி பொருத்திக் கட்டும் எதிர்மறை அழுத்த முறை உதவும். சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் தோய்ந்த ஒருவகை டிரெஸ்ஸிங், 2018இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், நரம்பும் ரத்த ஓட்டமும் ஒருசேரப் பாதிக்கப்பட்ட புண்களில் 20 வாரத்தில் 48 சதவீதத்தை ஆற்றியது. சாதாரண டிரெஸ்ஸிங்கில் 30 சதவீதம். புண்ணின் மேல் மட்டும் உறையிட்டு ஆக்சிஜன் செலுத்தும் மேற்பூச்சு ஆக்சிஜன் முறையும் உண்டு. இதை வீட்டிலேயே செய்யலாம். 2020இல் வந்த ஆய்வில் 12 வாரத்தில் 42 சதவீதம் ஆறின, போலிக் கருவியில் 14 சதவீதம். ஆனால் அது 73 பேர் மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு. பலரும் இதையும் அழுத்த அறையையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள். இது தோலின் மேல்புறம் மட்டும் வேலை செய்வது, ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றுவதில்லை. அதனால் அறையின் நன்மையும் இல்லை, ஆபத்தும் இல்லை.

அப்படியானால் அறை எப்போது? சர்க்கரை நோய்ப் பாதங்களுக்கான பன்னாட்டுக் குழுவின் 2023 வழிகாட்டுதல் அதை முற்றாக ஒதுக்கவில்லை: ரத்த ஓட்டம் குறைந்த புண், வழக்கமான சிகிச்சை சரியாகச் செய்தும் ஆறவில்லை, அறை வசதி ஏற்கெனவே கையெட்டும் தூரத்தில் உண்டு என்றால் துணையாகச் சேர்க்கலாம் என்கிறது. 'சரியாகச் செய்தும்' என்ற சொல்லில்தான் கனம் இருக்கிறது. நான் இன்னொன்றையும் சேர்ப்பேன்: அறைக்குள் ஆக்சிஜன் சுவாசிக்கும்போது புண்ணுக்குப் பக்கத்தில் தோலில் ஆக்சிஜன் அளவை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 200 மில்லிமீட்டரைத் தாண்டினால் பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு. 100ஐக்கூட எட்டவில்லை என்றால் 40 அமர்வும் வீணாகும் வாய்ப்பே அதிகம். ஓர் அமர்விலேயே தெரிந்துவிடும் விஷயம் இது.

கதிர்வீச்சின் பின்விளைவும் காதும்

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் ஆண்டுகள் கழித்து நுண்ணிய ரத்தக் குழாய்கள் மறைந்துபோய் திசு காய்ந்துவிடுகிறது. மீண்டும் மீண்டும் ஆக்சிஜனை ஏற்றி இறக்குவது புதிய நுண்குழாய்கள் முளைக்கத் தூண்டுகிறது என்பது கொள்கை. சிறுநீர்ப்பையில் இது நன்றாகவே வேலை செய்கிறது. வடக்கு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சால் சிறுநீர்ப்பை புண்ணாகி ரத்தம் போனவர்களுக்கு 30 முதல் 40 அமர்வுகள் தெளிவான நிம்மதி தந்தன. மாற்றாக இருப்பவை பையைக் கழுவிவிடுவது, மருந்து செலுத்துவது, தீய்ப்பது. கடைசியில் பையையே எடுப்பது. இந்த வரிசையில் அறை முன்னே வருவதுதான் சரி.

தாடையில் கதை வேறு. கதிர்வீச்சு பெற்ற தாடையில் பல் பிடுங்கும் முன் 20, பிடுங்கியபின் 10 அமர்வு என்பது 1980களிலிருந்து பல இடங்களில் வழக்கமாக இருந்தது. 2019இல் வந்த பிரிட்டன் ஆய்வில், அறைக்குப் போனவர்களில் 6.4 சதவீதத்தினருக்கும் போகாதவர்களில் 5.7 சதவீதத்தினருக்கும் எலும்பு அழுகியது. அதாவது முன்னெச்சரிக்கைக்காகப் போவதில் லாபமில்லை. பல் மருத்துவர் பழைய பழக்கத்தில் எழுதிக்கொடுத்தால், கவனமாகப் பிடுங்கி ஆன்டிபயாடிக் கொடுப்பது போதாதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

காது விஷயத்தில் நாள்தான் எல்லாம். காரணம் தெரியாமல் ஒரு காது திடீரென்று மந்தமானால், முதல் தெரிவு ஸ்டீராய்டு, இரண்டு வாரத்துக்குள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல்படி, அதே இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டோடு சேர்த்து அறைச் சிகிச்சையையும் ஒரு தெரிவாக வைக்கலாம். முதல் சிகிச்சை பலிக்காதபோது ஒரு மாதத்துக்குள்ளும் முயலலாம். செவிப்பறை வழியே ஸ்டீராய்டு ஊசி போடுவது இதற்கு நேர்ப் போட்டி. எளிது, மருத்துவரின் அறையிலேயே முடிந்துவிடும். இரண்டுமே கிடைக்கும் இடத்தில் நான் ஊசியை முதலில் வைப்பேன். மூன்று மாதமாகக் கேட்காத காதுக்கும், ஆண்டுக்கணக்கான இரைச்சலுக்கும் அமர்வுகளை விற்பவர்களிடம் பேச ஒன்றுமில்லை.

காற்றடைத்த பை

ஜிப் போட்டு மூடும் மென்மையான அறைகளைப் பற்றி. அழகு நிலையங்களிலும் 'நலவாழ்வு' மையங்களிலும் வைத்திருப்பவை பெரும்பாலும் இவைதான், வீட்டுக்கும் வாங்குகிறார்கள். இவற்றின் அழுத்தம் 1.3 மடங்கு. உள்ளே இருப்பது பல சமயம் சாதாரணக் காற்று. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், அதை 1.3ஆல் பெருக்கினால் 27. மூக்கில் குழாய் வைத்து நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் விட்டால் கிடைப்பது ஏறக்குறைய 28. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் கான்சன்ட்ரேட்டரை இணைத்து உள்ளே மாஸ்க் போட்டாலும், நன்றாகப் பொருந்திய சாதாரண ஆக்சிஜன் மாஸ்க்கைவிடப் பெரிதாக ஒன்றும் கூடாது. மருத்துவமனை அறையில் 2.4 மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜன், அதாவது இதே கணக்கில் 240 கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் இவற்றை ஒரே பெயரால் அழைப்பதே தவறு. இந்தப் பைகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் கொடுத்தது உயரமான மலையில் வரும் மூச்சுத்திணறல், தலைவலி நோய்க்காக. அங்கே அவை உயிர் காப்பவை.

ஆட்டிசத்துக்கு 1.3 மடங்கு அழுத்தம் உதவியதாக 2009இல் ஓர் ஆய்வு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை, 2016இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்து ஆதாரம் இல்லை என்றது. பெருமூளை வாதத்துக்கு 2001இல் கியூபெக்கில் 111 குழந்தைகளிடம் செய்த ஆய்வில் ஒரு தரப்புக்கு 1.75 மடங்கில் ஆக்சிஜன், மறு தரப்புக்கு 1.3 மடங்கில் வெறும் காற்று. இரு தரப்பும் சமமாக முன்னேறின. "பார்த்தீர்களா, வெறும் காற்றே வேலை செய்கிறது" என்று பை விற்பவர்கள் இதைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு: தினமும் ஒரு மணி நேரம் பெற்றோர் குழந்தையோடு ஒன்றி இருந்ததும், எதிர்பார்ப்பும், வளர்ச்சியும் சேர்ந்து கொடுத்த பலன் அது. அதே நேரத்தைப் பேச்சுப் பயிற்சிக்கும் உடற்பயிற்சி சிகிச்சைக்கும் கொடுப்பது மேல்.

போவதென்று முடிவானால்

அறைகள் இரண்டு வகை. ஒருவர் மட்டும் படுக்கும் கண்ணாடி போன்ற அக்ரிலிக் உருளை. பெரும்பாலும் உள்ளே முழுக்க ஆக்சிஜனே நிரப்பப்படும். மற்றது பலர் உட்காரும் உலோக அறை. அதில் அழுத்தக் காற்றுதான், ஆக்சிஜன் மாஸ்க் அல்லது தலைக்கவசம் வழியே வரும், செவிலியர் ஒருவர் உள்ளேயே இருப்பார். தீவிர சிகிச்சையில் இருப்பவர், வலிப்பு வரக்கூடியவர், மூடிய இடம் என்றால் பயப்படுபவர் ஆகியோருக்குப் பெரிய அறை நல்லது. நிலையாக இருக்கும் புண் நோயாளிக்கு இரண்டும் ஒன்றுதான்.

தீதான் பெரிய பயம், அரிதானது என்றாலும். 1997இல் மிலான் நகரில் அறைக்குள் தீப்பற்றி 11 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான். செல்பேசி, லைட்டர், கை சூடாக்கும் பொட்டலம், காது கேட்கும் கருவி எதுவும் உள்ளே போகக் கூடாது. தலையில் எண்ணெய், கிரீம், நைலான் துணி கூடாது. அவர்கள் கொடுக்கும் பருத்தி உடை மட்டும். ஒற்றை அறையில் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் பட்டை மணிக்கட்டில் கட்டப்படும். சட்டைப் பையைச் சோதிக்காமல் உள்ளே விடும் இடத்திலிருந்து திரும்பி வந்துவிடுங்கள்.

மற்றபடி அடிக்கடி வருவது காது வலி. விமானம் இறங்கும்போது செய்வதுபோல மூக்கைப் பிடித்து ஊதி காதைத் திறக்கக் கற்றுக்கொடுப்பார்கள். ஆக்சிஜன் நச்சால் வலிப்பு வருவது சில ஆயிரம் அமர்வுகளுக்கு ஒன்று. அதைத் தவிர்க்கத்தான் இடையிடையே சில நிமிடம் சாதாரணக் காற்று கொடுக்கிறார்கள். இன்சுலின் போடுபவருக்கு உள்ளே சர்க்கரை இறங்கும், ஆகவே ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டே அனுப்ப வேண்டும். 20 அமர்வுக்கு மேல் போனால் பலருக்குத் தற்காலிகமாகக் கிட்டப்பார்வை வரும். சில வாரங்களில் சரியாகும், அதற்குள் புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம். நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்து வடிக்கப்படாமல் இருப்பவர் கட்டாயம் போகக் கூடாது. பிளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்து வாங்கியவர், நுரையீரலில் காற்றுக் குமிழ்ப் பைகள் உள்ளவர், இதயத்தின் இறைக்கும் திறன் குறைந்தவர் ஆகியோர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தொடங்கும் நாளிலேயே எப்போது நிறுத்துவது என்றும் பேசிவிடுங்கள். முதல் அமர்வுக்கு முன் புண்ணின் நீள அகலத்தை அளந்து படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர், சர்க்கரை நோயாளியின் கால் புண் என்றால், 30 நாள் வழக்கமான சிகிச்சையில் முன்னேற்றம் இல்லாத, ஆழமான புண்ணுக்கு மட்டுமே இதற்குப் பணம் தருகிறது. தொடங்கியபின் எந்த 30 நாளிலாவது அளக்கக்கூடிய முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுகிறது. காப்பீடு இல்லாமல் கைக்காசு கொடுப்பவரும் அதே விதியைத் தனக்கு வைத்துக்கொள்ளலாம். 20 அமர்வு முடிந்தும் புண் அசையவில்லை, "இன்னும் 20 எடுங்கள்" என்கிறார்கள் என்றால், அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு ரத்தநாள அறுவை மருத்துவரிடம் போய் தமனியை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.